பழைய பண்ணை வீட்டுச் சுவருக்குச் சிமெண்ட் வேண்டாம்

கொங்கு நாட்டுத் தோட்டங்களில் எஞ்சியிருக்கும், நடுவில் திறந்த முற்றம் வைத்துக் கட்டிய தொட்டிக்கட்டு வீடுகளைப் பழுதுபார்த்துக் குடியேற விரும்பும் இளையவர்கள் அண்மைக் காலமாகப் பெருகியிருப்பது எனக்குப் பெருமகிழ்ச்சி அளிக்கிறது. அவர்களிடம் என் வேண்டுகோள் ஒன்றே ஒன்றுதான்: அந்தச் சுவர்களில் சிமெண்ட் பூசாதீர்கள்.

கல்லும் மண்ணும் வைத்துக் கட்டிய அந்தக் காலத்துச் சுவர்களுக்கு அடியில் ஈரத்தைத் தடுக்கும் ஏற்பாடு எதுவும் பெரும்பாலும் இருக்காது. நிலத்தின் ஈரம் சுவரில் ஏறத்தான் செய்யும். சுண்ணாம்புப் பூச்சு அதை வெளியே விட்டு ஆற்றிவிடும். அதன்மேல் சிமெண்டைப் பூசினால் வழி அடைபட்டு, ஈரம் இன்னும் உயரமாக ஏறுகிறது. ஈரத்தில் கரைந்து வந்த உப்பு பூச்சுக்குப் பின்னால் படிந்து உள்ளிருக்கும் மண்ணை அரிக்கிறது. எங்கள் பங்காளி வீடொன்றில் அப்படிப் பூசிய சுவரை விரல் மடக்கித் தட்டியபோது உள்ளே கூடாக ஒலித்தது; பெயர்த்துப் பார்த்தால், ஒரு காலத்தில் கடப்பாரைக்கே அசையாதிருந்த மண் மாவாகக் கொட்டியது.

சுண்ணாம்பு வேலைக்குப் பொறுமை வேண்டும் என்பது உண்மைதான். சுட்ட சுண்ணாம்புக் கல்லைத் தொட்டியில் தண்ணீர் விட்டு நீற்றி, கொதித்து அடங்கிய பிறகும் வாரக்கணக்கில் தண்ணீருக்குள்ளேயே ஊறவிட வேண்டும். இடித்த கடுக்காயையும் வெல்லத்தையும் தனியே ஊறப்போட்டு, நாள்பட நுரைத்துப் புளித்த வாடை வந்தபின் வடிகட்டி, அந்த நீரை விட்டுத்தான் மணலும் சுண்ணாம்பும் சேர்ந்த சாந்தை அரைப்பார்கள். கரண்டியில் எடுத்தால் வெண்ணெய்போல் வழுக்கும் பதம் வரும்வரை எங்கள் பக்கத்துப் பெரிய கொத்தனார் சுவர்ப்பக்கமே போகமாட்டார். பூசிய சுவரையும் வெயில் படாமல் ஈரச்சாக்கு கட்டிக் காக்க வேண்டும். காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல வாங்கித்தான் சுண்ணாம்பு மறுபடியும் கல்லாகிறது.

கூரைக்கு வைரம் பாய்ந்த பனங்கையும் (பனைமரச் சட்டம்) நாட்டு ஓடும் போதும். கரையான் தின்ற பனங்கைகளை மட்டும் மாற்றினால் மற்றவை இன்னும் நெடுநாள் உழைக்கும். குளியலறை, மின்கம்பி, குழாய் போன்ற வசதிகளைச் சேர்ப்பதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. மனிதர் வாழாத வீட்டைக் காப்பாற்றவே முடியாது.

செலவு கூடுதல் என்பார்கள். கூடுதல்தான். ஆனால் அந்தப் பணத்தில் பெரும்பகுதி சிமெண்ட் ஆலைக்குப் போகாமல் உள்ளூர்க் கைகளுக்குக் கூலியாகப் போகிறது.

ஏற்கெனவே சிமெண்ட் பூசிவிட்ட வீடு என்றால், கோடைத் தொடக்கத்தில் அதை முழுவதும் உரித்துச் சுவரை நன்றாக உலரவிட்ட பிறகே சுண்ணாம்பைத் தொடுங்கள். இந்த வேலை தெரிந்த கொத்தனார்களில் பலர் முதுமையை எட்டிவிட்டார்கள். அவர்களை அழைக்கும்போது, கற்றுக்கொள்ள விரும்பும் ஓர் இளைஞரையும் உடன் சேர்த்துக்கொண்டு, அவருக்கும் முழுக் கூலி கொடுங்கள்.