அண்ணன் பெயர் அந்த நோட்டில் இல்லை

மாதம் பிறந்தால் சுகாதார நிலையத்தின் சார்பில் எங்கள் வீட்டுக்கு ஒரு அக்கா வருவார். தோளில் பை, கையில் நோட்டு. அம்மாவைத் திண்ணையில் உட்காரவைத்து பிரஷர் பார்ப்பார், விரலில் குத்தி சுகர் பார்ப்பார், மாத்திரையைக் கொடுத்துவிட்டு நோட்டில் எழுதிக்கொண்டு போவார். மூன்று வருடமாக இது தவறாமல் நடக்கிறது. "போன மாசத்தைவிடக் கூடியிருக்கே, ஊறுகாய் சாப்பிட்டீங்களாம்மா?" என்று கேட்பார். அந்தக் குரலில் ஒரு நாளும் அதட்டல் இருந்ததில்லை.

அதே திண்ணையில் நாலடி தள்ளி என் அண்ணன் உட்கார்ந்திருப்பான். காலை எட்டு மணிக்கே கை நடுங்கும். டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துத்தான் குடிப்பான். சாப்பாடு இறங்காது. அந்த அக்கா அவனைப் பார்க்காமல் இல்லை. பார்த்துவிட்டு, "உங்களுக்குத்தான் எவ்வளவு கஷ்டம்" என்று அம்மாவிடம் மெதுவாகச் சொல்லிவிட்டுப் போவார். அவர் மேல் தப்பே இல்லை. அவர் நோட்டில் பிரஷருக்கு ஒரு கட்டம் இருந்தது, சுகருக்கு ஒரு கட்டம் இருந்தது. அண்ணனுக்குத்தான் எதுவும் இல்லை.

நான் டாக்டர் இல்லை. டி.பார்ம் படித்துவிட்டு 14 வருடமாக மருந்துக்கடை கவுண்டரில் நிற்கிறவள். கூடவே ஒரு குடிநோயாளியின் தங்கை. இந்த இரண்டு இடத்தில் நின்று பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்: குடியிலிருந்து மீள முடியாமல் கிடப்பது, சுகர் போல, பிரஷர் போல ஒரு நாள்பட்ட நோய். அதை முதலில் பார்க்க வேண்டிய இடம் ஊரில் இருக்கிற ஆரம்ப சுகாதார நிலையம்தான். பூட்டிய கேட்டுக்குள் இருக்கும் மறுவாழ்வு மையம் அதற்கெல்லாம் அப்புறம்தான்.

ஆறு வருடத்துக்கு முன் ஓர் ஆடி வெள்ளிக்கிழமை அண்ணனைக் கோயிலுக்குக் கூட்டிப்போய் குடியை விடுவதற்குக் கயிறு கட்டினோம். முந்தின நாள் ராத்திரி வரை குடித்தவன், கயிறு கட்டியதோடு ஒரு சொட்டு தொடவில்லை. மறுநாள் உடம்பெல்லாம் வேர்த்தது, தூக்கமே இல்லை. அன்று ராத்திரி வலிப்பு வந்துவிட்டது. "ஒளிஞ்சு குடிச்சிருப்பான், சாமி குத்தம்" என்று தெருவே பேசியது. நாங்களும் அப்படித்தான் நம்பினோம்.

உண்மை தலைகீழ். அவன் வாக்கைக் காப்பாற்றினான், அதனால்தான் வலிப்பு வந்தது. வருடக்கணக்கில் தினமும் அதிகமாகக் குடிப்பவரின் மூளை மதுவுக்குப் பழகி, அதற்கு ஈடாகத் தன்னை எப்போதும் முறுக்கேற்றி வைத்திருக்கும். மதுவைத் திடீரென்று நிறுத்தினால் அந்த முறுக்கு மட்டும் மிஞ்சும். சில மணி நேரத்தில் நடுக்கமும் வேர்வையும் தொடங்கும். பெரும்பாலும் முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் மூன்றாம் நாளுக்கு மேல் சிலருக்கு நினைவு தடுமாறி, இல்லாத பூச்சியையும் ஆளையும் கண்டு அலறுவார்கள். கவனிக்காமல் விட்டால் உயிரே போகும். இதற்கு மருந்து இருக்கிறது. குளோர்டயஸெபாக்ஸைடு போன்ற மாத்திரையை டாக்டர் பார்வையில் சில நாள் கொடுத்து, அளவைப் படிப்படியாகக் குறைப்பார்கள். வைட்டமின் பி1 ஊசியும் போடுவார்கள். நம் ஊரில் "ஒரு குளுக்கோஸ் ஏத்துங்க சார்" என்றுதான் முதலில் கேட்போம். சாப்பிடாமல் குடித்தே கிடந்தவருக்கு பி1 கொடுக்காமல் வெறும் குளுக்கோஸ் ஏற்றினால் மூளையே பாதிக்கப்படலாம் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? ஆகவே தயவுசெய்து, தினமும் குடிப்பவரை "இன்னைக்கே விடு" என்று சத்தியம் வாங்கி வீட்டில் பூட்டி வைக்காதீர்கள். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.

வலிப்புக்குப் பிறகும் எங்களுக்குப் புத்தி வரவில்லை. அண்ணியின் வளையலை அடகு வைத்து ஒரு தனியார் மையத்தில் மூன்று மாதம் சேர்த்தோம். ராத்திரியில் வண்டி வந்தது. நாலு பேர் இறங்கி அவன் கையைக் கட்டித் தூக்கிப் போனார்கள். அவன் பிள்ளைகள் இரண்டும் அதைப் பார்த்தன. மூன்று மாதம் போனில்கூடப் பேசவிடவில்லை. அங்கே அடித்தார்கள் என்பதையே அவன் போன வருடம்தான் சொன்னான். வெளியே வந்த 19-ஆம் நாள் குடித்தான். அவர்களிடம் கேட்டால், "திரும்பக் கொண்டு வாங்க" என்றார்கள். தொடர்ந்து சாப்பிட ஒரு மாத்திரை தரவில்லை. அடுத்த மாதம் வந்து பார் என்று ஒரு தேதிகூட யாரும் சொல்லவில்லை.

இதை என் அம்மாவோடு ஒப்பிட்டுப் பார்க்கிறேன். அம்மா ஒருமுறை சித்தி வீட்டுக்குப் போய் 20 நாள் இருந்தார். மாத்திரையை எடுத்துப்போக மறந்துவிட்டார். திரும்பி வந்தபோது பிரஷர் 190. சுகாதார நிலைய நர்ஸ் என்ன செய்தார்? "உங்களுக்கு மன உறுதி இல்லை, போங்க" என்று துரத்தவில்லை. உட்காரவைத்து, மாத்திரையைத் திரும்பத் தொடங்கி, பதினைந்து நாளில் வரச் சொன்னார். மாத்திரை நின்றதால் பிரஷர் ஏறியது, அப்படியென்றால் மாத்திரை வேலை செய்திருக்கிறது என்று எல்லோருக்கும் புரிந்தது. அண்ணன் விஷயத்தில் மட்டும், சிகிச்சை நின்ற பிறகு குடி திரும்பினால் "சிகிச்சையே வீண், இவன் திருந்த மாட்டான்" என்று முடிவு கட்டிவிடுகிறோம்.

2000-ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவில் மெக்லெல்லன் என்ற ஆராய்ச்சியாளரும் அவருடன் மூன்று பேரும் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். போதைச் சிகிச்சை எடுத்தவர்களில் ஒரு வருடத்துக்குள் மறுபடி விழுகிறவர்கள் நூற்றுக்கு 40 முதல் 60 பேர். பிரஷரிலும் ஆஸ்துமாவிலும் மறுபடி மோசமாகிறவர்கள் நூற்றுக்கு 50 முதல் 70 பேர். பிரஷர்காரரை யாரும் திட்டுவதில்லை.

மாலை போடுவதை எடுத்துக்கொள்ளுங்கள். சபரிமலைக்கு மாலை போட்டு 48 நாள் சுத்தமாக இருப்பவர்கள் எங்கள் தெருவிலேயே எத்தனையோ பேர். மன உறுதி இல்லாதவர்களா அவர்கள்? மாலையைக் கழற்றிய அன்று சாயங்காலம் கடை வாசலில் நிற்பதும் அவர்கள்தான். அந்த 48 நாளில் விடியற்காலைக் குளியல், விரதம், கூட்டமாகப் பஜனை, "சாமி" என்று ஊர் தரும் மரியாதை எல்லாம் சேர்ந்து ஆளைத் தாங்குகின்றன. 49-ஆம் நாள் அத்தனையும் ஒரே நேரத்தில் விலகிவிடுகிறது. நாள்பட்ட நோய்க்குத் தாங்கலும் நாள்பட இருக்க வேண்டும். நான் கேட்பது அதைத்தான்.

மருந்தே இல்லை என்று நினைப்பவர்களுக்காக: இருக்கிறது. நால்ட்ரெக்சோன், குடிக்க வேண்டும் என்ற வேட்கையைக் குறைக்கும். அகாம்ப்ரொசேட், விட்டவர் விட்டபடி இருக்க உதவும். உலக சுகாதார நிறுவனம் 2023-இல் இந்த இரண்டையும் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. எல்லோருக்கும் எல்லாம் ஒத்துக்கொள்ளாது, கல்லீரல், சிறுநீரகத்தின் நிலையைப் பார்த்துத்தான் டாக்டர் தருவார். ஆனால் என் கவுண்டருக்கு வரும் பெண்கள் கேட்பது இவற்றை அல்ல. அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, "அவருக்குத் தெரியாம சாம்பார்ல கலந்து குடுக்கிற பவுடர் இருக்காமே?" என்று கேட்பார்கள். டைசல்ஃபிரம் என்ற மருந்து உடம்பில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, வாந்தி வந்து, நெஞ்சு படபடத்து, பிரஷர் இறங்கி ஆளே போகலாம். சாப்பிடுகிறவருக்குத் தெரிந்து, அவர் சம்மதித்து, டாக்டர் சொல்லித்தான் அதைச் சாப்பிட வேண்டும். விளம்பரப் பவுடரில் என்ன கலந்திருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? அந்தப் பெண்களைத் திருப்பி அனுப்பும்போது எனக்கு மனசு கனக்கும். சுகாதார நிலையத்தில் வெளிப்படையாகக் கிடைக்க வேண்டியதை என்னிடம் ரகசியமாகக் கேட்கிறார்கள்.

சுகாதார நிலையத்தில் இதெல்லாம் நடக்குமா என்றால், நடந்து பார்த்திருக்கிறார்கள். கோவாவில் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்த, ஆபத்தான அளவு குடிக்கும் 377 ஆண்களை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். பாதிப் பேருடன் அதிகபட்சம் நாலு முறை உட்கார்ந்து பேசினார்கள். பேசியவர்கள் மனநல மருத்துவர்கள் இல்லை, பயிற்சி கொடுத்த சாதாரண உள்ளூர் ஆட்கள். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால், பேசிய பக்கம் நூற்றுக்கு 36 பேர் ஆபத்தான குடியிலிருந்து விலகியிருந்தார்கள். மறுபக்கம் 26 பேர். வெறும் பேச்சுக்கே இந்தப் பலன். அண்ணனைப் போல முற்றியவர்களுக்குப் பேச்சு மட்டும் போதாது, மருந்தும் பெரிய ஆஸ்பத்திரியும் வேண்டும். ஆனால் அண்ணனும் ஒரு காலத்தில் வாரம் ஒரு குவார்ட்டர் அடிக்கிற ஆளாகத்தான் இருந்தான். அப்போதே யாராவது கேட்டிருந்தால் என்ற எண்ணம் எனக்குப் போகவே மாட்டேன் என்கிறது.

கேட்பதற்கும் கருவி இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் பத்துக் கேள்விப் படிவம் 1989-லிருந்து புழக்கத்தில் உண்டு, சில நிமிடம்தான் ஆகும். சுகர், பிரஷர் போன்ற தொற்றா நோய்களுக்கான நம் தேசியத் திட்டத்தில் 30 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் நிரப்பும் படிவத்திலும் "தினமும் மது அருந்துவீர்களா?" என்று ஒரு கேள்வி இருக்கத்தான் இருக்கிறது. ஆமாம் என்றால் ஒரு மதிப்பெண். அது சுகரும் பிரஷரும் வர வாய்ப்புண்டா என்று பார்க்கும் கணக்குக்கு. குடியே ஒரு நோயாக இருக்கலாம் என்று அந்தப் படிவம் நினைக்கவில்லை.

2019-இல் வெளியான எய்ம்ஸ் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் குடிக்கு அடிமையானவர்கள் சுமார் 2.9 கோடி பேர். அவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சை பெற்றிருக்கிறார். தமிழ்நாட்டில் 2003-லிருந்து மதுவின் சில்லறை விற்பனை அரசின் கையில். கடை எல்லா ஊரிலும் இருக்கிறது. சிகிச்சைக்கு மட்டும் நாங்கள் ஏன் இரண்டு பஸ் மாற வேண்டும்?

"கடையை மூடினால் போதுமே" என்று எழுதுவீர்கள். மூடட்டும், எனக்குச் சம்மதம். ஆனால் 2020 ஊரடங்கில் கடைகள் எல்லாம் மூடித்தான் கிடந்தன. கை நடுங்கிக் கிடந்தவர்களுக்கு அப்போது என்ன வழி இருந்தது? கேரளத்தில் டாக்டர் சீட்டுக்கு மது தரலாம் என்று அரசே உத்தரவு போட்டது. உயர் நீதிமன்றம் அதைத் தடுத்து நிறுத்த வேண்டியிருந்தது. சிகிச்சை கையில் இல்லாமல் திடீரென்று நின்றால் இப்படித்தான் ஆகும்.

இன்னொரு கேள்வி, இதைத்தான் நான் தட்டிக்கழிக்க விரும்பவில்லை. நோய் என்று சொல்லிவிட்டால் அவன் செய்ததெல்லாம் சரியாகிவிடுமா? அண்ணி ஒருநாள் என்னிடம் நேராகவே கேட்டார்: "உங்க அண்ணனுக்கு நோயின்னா, என் காதுல விழுந்த அடிக்கு என்ன பேரு?" பதில் சொல்ல முடியவில்லை. இப்போதும் அந்த அடியை நோயின் கணக்கில் எழுத நான் தயாராக இல்லை. அடித்தது அடித்ததுதான். அதற்கு அவன்தான் பொறுப்பு. அண்ணி வேண்டாம் என்று போயிருந்தால் நான் அவர் பக்கம்தான் நின்றிருப்பேன். ஆனால் சிகிச்சை இல்லாததால் இன்னும் நாலு வருடம் கூடுதலாக அடிவாங்கியதும் அவர்தான். சுகாதார நிலையத்தில் இதைப் பார்க்கத் தொடங்கினால், மனைவியைத் தனியாக உட்காரவைத்து "வீட்டில் பாதுகாப்பா இருக்கீங்களா?" என்று கேட்பதும் அதில் சேர வேண்டும்.

கடைசியில் எங்களுக்கு வழி காட்டியது ஓர் அரசு மருத்துவமனை டாக்டர். அண்ணனைப் பார்த்து, "தம்பி, இது சுகர் மாதிரி. நடுவுல தவறும். தவறினா ஒளியாம வா, திட்ட மாட்டேன்" என்றார். 22 வருடக் குடியில் அவனிடம் அப்படிப் பேசிய முதல் ஆள் அவர்தான். இரண்டு முறை தவறினான். இரண்டு முறையும் தானாகவே பஸ் ஏறிப் போனான். இப்போது ஏழு மாதம்.

ஆனால் மாதம் ஒரு நாள் அந்த ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு நாள் சென்ட்ரிங் கூலி போய்விடும். மேஸ்திரி முகம் சுளிக்கிறார். போன வாரம் அந்த அக்கா வந்தபோது அண்ணனே திண்ணையிலிருந்து எழுந்து போய்க் கேட்டான். "அக்கா, அம்மா மாத்திரையோட என் மாத்திரையையும் கொண்டு வர முடியுமா?"

அவர் நோட்டை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தார். "இதுல எழுத இடம் இல்லையே தம்பி. நான் நர்ஸம்மாகிட்ட கேட்டுப் பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டு, கடைசிப் பக்கத்துக்குப் பின்னால் இருந்த அட்டையில் அவன் பெயரை எழுதிக்கொண்டார்.