திருடனுக்கு முன்னாடி சந்தா வந்துடுது

காட்பாடியில வீட்டுக்குக் கேமரா மாட்டலாம்னு கடைக்குப் போனா, "எத்தனை மெகாபிக்சல் சார்?"னுதான் ஆரம்பிக்கறாங்க. பதிவு எங்க போய்ச் சேரும்னு கேட்டா மட்டும் பேச்சு மாறுது. பதிவைச் சேமிக்கற பெட்டியான டிவிஆரை வீட்டுக்குள்ள வச்சா, வர்றவன் அதையும் சேர்த்துத் தூக்கிட்டுப் போவான். சரி, இன்டர்நெட் வழியா கம்பெனி சர்வர்ல சேமிக்கற கிளவுடுன்னா மாசாமாசம் சந்தா. அதுவும் 2 எம்பிபிஎஸ் வேகத்துல ஒரே ஒரு கேமரா நாள் முழுக்க அனுப்பினா 21 ஜிபிக்கு மேல டேட்டா ஓடும். நாலு கேமராவுக்கு நீங்களே பெருக்கிக்கோங்க. அசைவு தெரிஞ்சா மட்டும் பதிவாகட்டும்னு வச்ச எதிர்வீட்டு அண்ணன் போன், வேப்பங்கிளை ஆடினாலே ராத்திரி பூரா கத்துது. (நம்ம வேலூர் வெயில்ல கேமரா தாங்குமாங்கறது தனிக் கவலை.) கரண்ட் போனா ரூட்டரும் படுத்துடும், அதுக்கொரு யுபிஎஸ் வாங்கணுமாம். பூட்டு வித்தவன் என்னைக்காவது மாசவாடகை கேட்டானா?