காப்பீடு இல்லாதவர் வீட்டை வரிப்பணத்தில் கட்டித் தரலாமா?

2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் வந்து போனதிலிருந்து, கடலூரிலும் புதுச்சேரியிலும் மாதச் சம்பளம் வாங்கும் நண்பர்கள் பலர் ஒரே கேள்வியைக் கேட்டுவருகிறார்கள். வீட்டுக்கும் படகுக்கும் காப்பீடு எடுக்காமல் இருந்தவர்களுக்கு, தம் வீட்டுக்கு ஒழுங்காகப் பிரீமியம் கட்டியவர்களின் வரிப்பணத்தை எடுத்து ஏன் கொடுக்க வேண்டும் என்பதே அக்கேள்வி. இதைக் கேட்பவர்கள் கல்நெஞ்சக்காரர்கள் அல்லர். சம்பளத்தில் வருமான வரி பிடிக்கப்படுகிற எனக்கும் இந்த எண்ணம் எழாமல் இல்லை. ஆனாலும் கொடுக்கத்தான் வேண்டும் என்பதே என் முடிவு. இப்போது நாம் கொடுப்பது போதாது, கொடுக்கும் முறையும் சரியில்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில், காப்பீடு இல்லாதவர் யார் என்று பார்க்க வேண்டும். வங்கிக் கடனில் மாடி வீடு கட்டியவருக்குக் கடன் வாங்கும் மேசையிலேயே காப்பீட்டுப் படிவத்தையும் நீட்டிவிடுகிறார்கள். 2021 ஏப்ரல் முதல் 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற பொதுவான வீட்டுக் காப்பீடும் நடைமுறையில் இருக்கிறது. ஆனால் கடலூரை அடுத்த தாழங்குடாவிலோ குண்டு உப்பலவாடியிலோ பட்டா இல்லாத இடத்தில் கீற்றுக் கொட்டகை போட்டிருப்பவரைத் தேடி எந்த முகவரும் வருவதில்லை. வந்தாலும் என்ன கிடைக்கும்? காப்பீடு என்பது இருந்த பொருளின் மதிப்பைத் திருப்பித் தருவது. கூரை வீட்டுக்குக் கூரை வீட்டின் மதிப்புதான் கிடைக்கும். அதை வைத்து மீண்டும் ஒரு கூரை வீட்டைக் கட்டலாம், அடுத்த புயலில் அதுவும் போகும். ஆகவே பிரீமியம் கட்டாததை இவர்களுடைய அலட்சியம் என்று சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை.

'வரி கட்டுபவர்' என்று நாம் நம்மை மட்டும் சொல்லிக்கொள்வதும் தவறு. சோப்புக்கும் செருப்புக்கும் ஜிஎஸ்டியைக் கொட்டகையில் இருப்பவரும்தான் கட்டுகிறார். இன்னொன்று, காப்பீடு எடுத்தவர்கள் அரசுப் பணம் இல்லாமல் தம் காலில் நிற்கிறார்கள் என்பதும் முழு உண்மை அன்று. பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் விவசாயி கட்டுவது காப்பீட்டுத் தொகையில் காரிஃப் (மழைக்கால) பயிருக்கு 2 சதவீதம், ராபி (குளிர்கால) பயிருக்கு ஒன்றரை சதவீதம், வணிக, தோட்டக்கலைப் பயிர்களுக்கு 5 சதவீதம் வரைதான். எஞ்சிய பிரீமியத்தை மத்திய, மாநில அரசுகள் கட்டுகின்றன. அது வரிப்பணம்தான், சரியாகச் செலவிடப்படும் வரிப்பணம்.

கடலூர்க்காரனாக எனக்கு மிகவும் உறுத்துவது வேறொன்று. 2024 டிசம்பர் தொடக்கத்தில் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கும் மேல் தண்ணீர் திறக்கப்பட்டது. அணையைக் காப்பாற்ற வேறு வழி இல்லாமல் இருந்திருக்கலாம், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தண்ணீர் தென்பெண்ணை வழியாக வந்து நாணமேட்டிலும் உச்சிமேட்டிலும், புதுச்சேரி எல்லைக்கு அப்பால் பாகூர்ப் பக்கத்திலும் புகுந்தது. தென்பெண்ணை, கெடிலம், வெள்ளாறு, கொள்ளிடம் என்று மேற்கே பெய்யும் மழையெல்லாம் கடலில் சேர்வது எங்கள் மாவட்டத்தின் வழியாகத்தான். ஊரெல்லாம் சேர்ந்து அனுப்பும் வெள்ளத்தைத் தாங்குபவரிடம், உன் இழப்பை நீயே பார்த்துக்கொள் என்று மேட்டில் இருப்பவர்கள் சொல்ல முடியுமா?

இதற்கு எதிராக வைக்கப்படும் வாதங்களில் நான் மதிப்பது ஒன்றுதான். எப்படியும் அரசு கட்டிக் கொடுக்கும் என்றால், ஆபத்தான இடத்திலேயே திரும்பத் திரும்பக் கட்டுவார்கள் என்பது அது. 2004 சுனாமிக்குப் பிறகு தமிழக அரசு இதை நேரடியாகவே எதிர்கொண்டது. கடலிலிருந்து 200 மீட்டருக்குள் வீடு சேதமானவர்கள் அதற்கு அப்பால் போகச் சம்மதித்தால், ஒன்றரை லட்சம் ரூபாய் மதிப்புள்ள புதிய வீடு இலவசம். போகாதவர்கள் பழைய இடத்திலேயே பழுது பார்த்துக்கொள்ளலாம், ஆனால் அரசின் உதவி கிடையாது என்று 2005இல் ஆணை வந்தது. வலையும் படகும் கரையில் இருக்க, கடலைப் பார்த்தே தொழிலுக்குப் போகும் மீனவருக்கு இது கடுமையான நிபந்தனை. அவர்களுடைய தயக்கம் எனக்குப் புரிகிறது. ஆயினும் பொதுப்பணத்தில் வீடு கட்டும்போது இடத்தைப் பற்றி நிபந்தனை போட அரசுக்கு உரிமை உண்டு என்றே நினைக்கிறேன். அந்த வீடுகள் கணவன், மனைவி இருவர் பெயரிலும் எழுதப்பட வேண்டும் என்ற நிபந்தனையைத்தான் நான் மிகச் சிறந்ததாகக் கருதுகிறேன்.

இப்போது நடப்பதைப் பாருங்கள். மாநிலப் பேரிடர் நிதியில் நான்கில் மூன்று பங்கு மத்திய அரசுடையது, ஒரு பங்கு மாநிலத்துடையது. ஃபெஞ்சல் வந்தபோது இருந்த அதன் விதிப்படி முழுதும் இடிந்த வீட்டுக்கு 1,20,000 ரூபாய், குடிசைக்கு 8,000 ரூபாய். ஃபெஞ்சலுக்குப் பின் தமிழக அரசு குடிசைக்கு 10,000 ரூபாய் அறிவித்தது. அதே அரசு கலைஞர் கனவு இல்லம் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய் ஆகும் என்று கணக்கிட்டிருக்கிறது. பத்தாயிரத்தில் மூங்கிலும் கீற்றும் தார்ப்பாயும் வாங்கலாமே தவிர, வீடு எப்படிக் கட்டுவது? மறுபக்கம், புதுச்சேரி அரசு குடும்ப அட்டைக்கு 5,000 ரூபாய் அறிவித்தது. வீட்டுக்குள் தண்ணீரே வராத குடும்பத்துக்கும் எல்லாம் இழந்த குடும்பத்துக்கும் அதில் ஒரே தொகை. இப்படிப் பரவலாகத் தூவுவதை நிறுத்தி, வீடும் தொழிலும் இழந்தவர்களுக்கு முழுதாகக் கட்டித் தர வேண்டும். 2011 டிசம்பர் 30 அன்று கரையைக் கடந்த தானே புயலுக்குப் பின், குடிசை இழந்தவர்களுக்குக் கான்கிரீட் வீடு தரும் திட்டம் இதே மாவட்டத்தில் வந்ததுதான். ஆகவே இது நடக்காத காரியம் அன்று. பண்ருட்டிப் பக்கம் அப்போது வேரோடு சாய்ந்த பலாவுக்கும் முந்திரிக்கும் இதே கணக்கு பொருந்தும். மரம் பலன் தர ஆண்டுக்கணக்கில் ஆகும், ஒருமுறை கொடுக்கும் தொகை அதுவரை தாங்காது.

யாருக்குக் கொடுக்கக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கடற்கரையில் சொகுசு விடுதி வைத்திருப்பவர், இரண்டாவது வீட்டை வாடகைக்கு விட்டிருப்பவர், வசதி இருந்தும் காப்பீடு எடுக்காத என்னைப் போன்ற மாடி வீட்டுக்காரர் ஆகியோருக்கு உடனடி உணவும் மருந்தும் தாண்டி வரிப்பணம் போகக் கூடாது.

வசதியற்றவர்களுக்கான காப்பீட்டை அரசே மொத்தமாக எடுக்கலாம். பெய்த மழையின் அளவு ஒரு வரம்பைத் தாண்டினாலே பணம் வந்துவிடும் வகையான காப்பீட்டுக்கு நாகாலாந்து அரசு 2024இல் ஒப்பந்தம் செய்தது. யூனியன் பிரதேசம் என்பதால், மாநிலங்களுக்கு மத்திய நிதியைப் பங்கிட்டுத் தரப் பரிந்துரைக்கும் நிதிக்குழுவின் வரம்புக்குள் வராமல், ஒவ்வொரு முறையும் டெல்லியிடம் கேட்டு நிற்கும் புதுச்சேரிக்கு இது மிகவும் உதவும். அதற்கும் முன்பாகச் செய்ய வேண்டியது ஒன்று உண்டு: ஃபெஞ்சலில் குடிசை இழந்தவர்களின் பட்டியல் வருவாய்த் துறையிடம் இருக்கிறது. அவர்களுக்குப் பாதுகாப்பான இடத்தில் பட்டா கொடுத்து, அந்தப் பட்டியலையே வீட்டுத் திட்டத்தின் முதல் பட்டியலாக மாவட்ட நிர்வாகம் அறிவிக்க வேண்டும்.