கடைசிப் பந்தியில் சாப்பிட்டுக்கிடுதேன்

எங்கள் திருநெல்வேலிப் பக்கத்தில் ஒரு பையன் மெலிந்தால் முதலில் கிடைப்பது பாராட்டு. “ஆளே மாறிட்டியேடே, எந்த ஜிம்?” இன்னும் மெலிந்தால், “லவ் பெயிலியரா?” கன்னம் ஒட்டிய பிறகுதான் சளி டெஸ்ட், சுகர், தைராய்டு எல்லாம். ரிசல்ட் நார்மல் என்று வந்துவிட்டால் மிளகாய் வற்றலும் உப்பும் சுற்றிப் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்போம். இவன் சாப்பாட்டைக் கண்டு பயப்படுகிறானோ என்று மட்டும் யாருக்கும் தோன்றாது. பொம்பளப் பிள்ளையாக இருந்தால் “என்னட்டி, டயட்டா?” என்று ஒரு அத்தையாவது கேட்டிருப்பாள்.

சொந்தத்தில் ஒரு பையன். அவனிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். பள்ளிக்கூடத்தில் கொஞ்சம் பூசினாற்போல இருப்பான், வகுப்பே பூசணி என்றுதான் கூப்பிடும். பிளஸ் டூ முடிந்ததும் போலீஸ் செலக்ஷனுக்கு என்று பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானத்தில் ஓட ஆரம்பித்தான். முதலில் காலையில் மட்டும், அப்புறம் சாயங்காலமும். காய்ச்சலிலும் ஓடினான். இட்லி போனது, பிறகு சோறு, பிறகு எண்ணெய் பட்டது எல்லாமே. வீட்டில் எல்லாருக்கும் பெருமை. குடி, சிகரெட் கிடையாது, வாயைக் கட்டிய பிள்ளை!

ஒரு கல்யாணத்தில் மறுவீட்டுச் சொதிச் சாப்பாடு. சொதி வாளியைத் தூக்கிக்கொண்டு பந்தி பந்தியாக ஓடினான். “இன்னும் ஒரு கரண்டி போட்டுக்கிடுங்க சித்தப்பா” என்று வம்படியாக ஊற்றினான். இஞ்சித் துவையல் காரம் சரியா என்று இலைக்கு இலை விசாரித்தான். ஆச்சிமார் எல்லாம் மெச்சினார்கள். நீ சாப்பிடலையாலே என்று கேட்டால், “கடைசிப் பந்தியில சாப்பிட்டுக்கிடுதேன்.” கடைசிப் பந்தியில் ஆளைக் காணோம். கத்தரி வெயிலில் எல்லாரும் துண்டால் விசிறிக்கொண்டிருக்க, அவன் மட்டும் ஜெர்க்கின் போட்டிருந்தான்.

சாப்பிடாதவனுக்குச் சாப்பாட்டின் மேல் என்ன இத்தனை அக்கறை? அமெரிக்காவின் மினசோட்டாவில் 1944–45இல் ஆன்செல் கீஸ் என்ற ஆய்வாளர், திடகாத்திரமான 36 ஆண்களை, அவர்கள் சம்மதத்தோடு, ஆறு மாதம் அரைப்பட்டினி போட்டுப் பார்த்தார். அவர்களுக்குப் பேச்செல்லாம் சாப்பாடாகிவிட்டது. சமையல் புத்தகங்களைச் சேர்த்து வைத்துப் படித்தார்கள். எப்போதும் குளிர், சள்ளென்று கோபம், பெண்கள் மேல் நாட்டமே போய்விட்டது. பட்டினி கிடக்கும் மூளை ஆண் பெண் பார்ப்பதில்லை.

எடை கூடிவிடுமோ என்று பயந்து தன்னைத்தானே பட்டினி போட்டுக்கொள்ளும் இந்த நோய்க்கு அனோரெக்சியா நெர்வோசா என்று பெயர். பணக்காரப் பெண்களின் நோய், மாடலிங் பெண்களின் நோய் என்றே கேட்டுப் பழகிவிட்டோம். ஆனால் 1689இல் லண்டன் மருத்துவர் ரிச்சர்ட் மார்ட்டன் எழுதிவைத்த ஆரம்பக் குறிப்புகளிலேயே இரண்டு பேர் இருக்கிறார்கள்: 18 வயதுப் பெண் ஒருத்தி, 16 வயதுப் பையன் ஒருவன். அந்தப் பையனைப் பிற்பாடு எல்லாரும் மறந்துவிட்டார்கள். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டில், பெண்களுக்கு மாதவிலக்கு நின்றுபோவதும் இந்நோய்க்கான ஒரு நிபந்தனையாக இருந்தது. 2013இல்தான் அதை எடுத்தார்கள். அதுவரை ஒரு பையன் யார் நினைவுக்குத்தான் வருவான்?

பையன்களிடம் இது வேறு வேஷத்தில் வரும். ஒல்லியாக வேண்டும் என்று பெரும்பாலும் சொல்ல மாட்டார்கள். கொழுப்பு போகணும், தசையில் கட்ஸ் தெரியணும் என்பார்கள். சிறு வயதில் குண்டாக இருந்து கேலி வாங்கியவர்கள் இவர்களில் நிறைய. சாப்பாட்டைக் குறைப்பதோடு ஒருநாள்கூட விடாத வெறித்தனமான உடற்பயிற்சியும் சேரும். எடைப் பிரிவு பார்க்கும் கபடி, குத்துச்சண்டைப் பையன்களுக்கு ஒரு சாக்கு தயாராகவே இருக்கிறது. நம் ஊரில் இன்னொன்றும் உண்டு, விரதம். மண்டல விரதம், சஷ்டி, குலசை தசரா என்று ஒன்று முடிந்தால் அடுத்தது. முருகனோடு எனக்கு வழக்கில்லை, நானும் சஷ்டி இருக்கிறவன்தான். ஆனால் விரதம் முடிந்த அன்றைக்குச் சந்தோஷமாகச் சாப்பிட முடியாமல் ஒருவன் தவித்தால், அது பக்தி இல்லை.

உள்ளே நடப்பது வெளியே தெரியாது. டெஸ்டோஸ்டிரோன் இறங்கும், எலும்பு அடர்த்தி குறையும், நாடி மெதுவாகும். எங்கள் பையனைக் காட்டிய முதல் இடத்தில், “ஸ்போர்ட்ஸ் ஆள்தானே, பல்ஸ் கம்மியாத்தான் இருக்கும்” என்று சத்து மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். மனநோய்களிலேயே உயிரிழப்பு மிக அதிகமான நோய்களில் ஒன்று இது. குண்டாக இருந்தவன் வேகமாக இளைத்தால், எடை நார்மலாகத் தெரியும்போதே இதயம் பாதிக்கப்படலாம்.

அவன் அம்மாவிடம் ஒரு மனுஷி கேட்டாள்: “பொம்பளைச் சீக்கு உன் பையனுக்கு எப்படி வந்துச்சு?” அந்தக் கேள்விக்குப் பயந்தே இரண்டாவது டாக்டரிடம் போவதைப் பல மாதம் தள்ளிப்போட்டார்கள். எனக்கு நோயை விட அந்த மனுஷி மேல்தான் கோபம்.

சிகிச்சை உண்டு. பதின்வயதுப் பிள்ளைகளுக்கு, என்ன சாப்பிடுவது, எவ்வளவு என்ற பொறுப்பைக் கொஞ்ச காலம் பெற்றோர் கையில் எடுத்துக்கொண்டு, வேளைக்கு வேளை கூடவே உட்கார்ந்து சாப்பிட வைக்கும் முறை நன்றாக வேலை செய்கிறது. அதற்காக ரொம்ப நாள் பட்டினி கிடந்தவனுக்கு முதல் நாளே அல்வாவும் பிரியாணியுமாகத் திணிக்கக் கூடாது. ரத்தத்தில் பாஸ்பேட் சட்டென்று இறங்கி உயிருக்கே ஆபத்தாகும். ஈசிஜி, பொட்டாசியம் எல்லாம் பார்த்து டாக்டர் சொல்கிறபடிதான் கூட்ட வேண்டும்.

பி.டி. சார்மாரே, ஜிம் மாஸ்டர்மாரே, காய்ச்சலோடு ஓட வருகிறவனைக் கைதட்டி உற்சாகப்படுத்தாதீர்கள். வீட்டுக்கு ஒரு போன் போடுங்கள். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. நேரில் போகத் தயக்கமாக இருந்தால் 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண். காசு கிடையாது, ராத்திரியிலும் எடுப்பார்கள். பையன் பேச மாட்டேன் என்றால் அம்மா பேசலாம், அண்ணன் பேசலாம்.