கிலோ 4,000 ரூபாய், கூடையில் கால் கிலோ

ஒவ்வொரு தையிலும் தவறாமல் வரும் செய்தி: மதுரை மல்லி கிலோ 4,000 ரூபாய். அன்று சாயங்காலமே சென்னையிலிருந்து யாராவது ஒரு சொந்தக்காரர் போன் போட்டு, "என்ன மாப்ள, தோட்டத்துல பணமா பூக்குதாமே?" என்பார்.

நிலக்கோட்டை பக்கம் எங்களுக்கு அரை ஏக்கர் மல்லி. போன தையில் அந்த விலை விற்ற நாளில் அம்மா பறித்த பூ கால் கிலோ.

மல்லிக்கு வெயில் வேண்டும். பங்குனி, சித்திரை, வைகாசியில்தான் செடி குலுங்கும். பனி இறங்கினால் மொட்டு சிறுத்து, எடை நிற்காது. கவாத்து வெட்டி, அதாவது கிளைகளைக் கழித்து, செடிக்கு ஓய்வு கொடுப்பதும் அந்தச் சமயத்தில்தான். நாமோ மார்கழி முழுக்கக் கல்யாணத்தைத் தள்ளிப்போட்டு, தை பிறந்ததும் வரிசையாக முகூர்த்தம் வைக்கிறோம். செடிக்குப் பஞ்சாங்கம் தெரியுமா? சந்தையில் பூ இல்லை, அதனால் விலை. வியாபாரி பதுக்குகிறான் என்று திட்டுகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: சாயங்காலம் விரிந்துவிடும் மொட்டை எங்கே பதுக்குவது?

சித்திரைக்கு வாருங்கள். விடிவதற்கு முன்னே தலையில் டார்ச் கட்டிக்கொண்டு பறிக்க வேண்டும். வெயில் ஏறுவதற்குள் மொட்டு மொட்டாகவே சந்தை சேர வேண்டும். அரை ஏக்கரில் ஒரே நாளில் 15 கிலோ வரும். ஆனால் ஊரெல்லாம் அதே 15 கிலோ. மறுநாள் அஷ்டமி, நவமி என்றால் கேட்கவே வேண்டாம். போன வருஷம் அப்படி ஒரு நாளில் கமிஷன் கடைக்காரர் மூட்டையைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. "சென்ட் எடுக்கிற கம்பெனி கொடுக்கிற விலைதான், கிலோ 150" என்றார். பறிகூலி, பஸ் வாடகை, கமிஷன் போக மிஞ்சியதில் டீ குடித்துவிட்டு வந்தேன். அந்த 150 ரூபாய் எந்தப் பேப்பரிலும் வராது.

2013-ல் மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பெருமைதான். ஆனாலும் குறியீடு வந்தென்ன, மூட்டையில் இருக்கும் மொட்டு அன்று சாயங்காலமே விரிந்துவிடுகிறதே! (பனிக்காலத்தில் உங்கள் தலையில் ஏறுவது பாதி நேரம் மல்லி மாதிரியே இருக்கும், வாசமில்லாத காக்கடா பூ. மோந்து பார்த்து வாங்குங்கள்.)

விலையைப் போடும்போது பக்கத்திலேயே அன்று சந்தைக்கு எத்தனை கிலோ பூ வந்தது என்பதையும் போடுங்கள். நான் கேட்பது அவ்வளவுதான்.

இந்தப் புரட்டாசியில் நாலு வரிசையை மட்டும் முன்கூட்டியே கவாத்து செய்து, தைக்குப் பூ எடுக்கலாம் என்று நினைத்திருக்கிறேன். அம்மாவிடம் சொன்னேன். "வெட்டு, வெட்டு. பனிகிட்டயும் ஒரு வார்த்தை சொல்லிடு" என்றார்.