கணக்கெடுப்புக்கும் இடம் வேண்டும்

உள்ளூர் இயற்கைச் சங்கங்களின் பணிகளாக மரம் நடுதல், பறவை காணும் நடை, பள்ளி உரைகள் ஆகியவற்றை விரிவாகச் சொல்லும் ஒரு கட்டுரையைப் படித்தேன்; அது, அச்சங்கங்களின் மிகப் பெரிய பங்களிப்பான, உயிரினங்களின் நீண்டகாலக் கணக்கெடுப்பை ஒரே வரியில் கடந்துவிடுகிறது. ஜெர்மனியின் கிரேஃபெல்ட் நகரப் பூச்சியியல் சங்கத்தினர், பெரும்பாலும் ஊதியம் பெறாத ஆர்வலர்கள், 63 பாதுகாக்கப்பட்ட பகுதிகளில் ஒரே வகைக் கூடாரப் பொறிகளை வைத்து, சிக்கிய பூச்சிகளை ஒரே முறையில் எடைபோட்டு வந்ததால்தான், பறக்கும் பூச்சிகளின் மொத்த எடை 1989க்கும் 2016க்கும் இடையே 75 விழுக்காட்டுக்கு மேல் சரிந்திருப்பது 2017இல் வெளியான ஆய்வில் தெரியவந்தது. பாதுகாப்புச் சட்டம் உள்ள நிலத்திலேயே இந்த நிலை என்பதுதான் அதிலுள்ள அதிர்ச்சி. 1900இல் பறவையியலாளர் ஃபிராங்க் சாப்மன் வட அமெரிக்காவில் 27 பேருடன் தொடங்கிய கிறிஸ்துமஸ் பறவைக் கணக்கெடுப்பும் இன்றுவரை தொடர்கிறது.

மரம் நடுதல் குறித்து எனக்குத் தயக்கம் உண்டு. இயல்பான புல்வெளியை வெற்று நிலமென்று கருதி அங்கே கன்றுகளை நட்டால், தரையில் கூடு கட்டும் வானம்பாடி போன்ற பறவைகள் வாழிடத்தை இழக்கும். படம் எடுப்பதற்கு என்னவோ நடுவிழாதான் வசதி. எனவே ஓரிடத்தில் என்னென்ன உயிர்கள் வாழ்கின்றன என்று எல்லாப் பருவங்களிலும் பதிவுசெய்த பின்னரே அங்கே நடலாமா என்று சங்கங்கள் முடிவெடுக்க வேண்டும். அரிய பறவைகளின் கூடு இருக்கும் இடத்தை மட்டும் பொதுவில் வெளியிடாதிருப்பது நல்லது.