மாமல்லபுரத்துக்கு அரை நாள் போதாது

பள்ளிக்கூட லீவு நெருங்க நெருங்க இந்தக் கேள்வி வந்துவிடுகிறது. "பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு மகாபலிபுரம் போலாம்னு இருக்கோம். காலையில கிளம்பி சாயங்காலம் திரும்பிடலாம்ல?" இந்த மாதம் மட்டும் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். திரும்பிவிடலாம். ஆனால் பார்த்ததாக ஆகாது. இரண்டு ராத்திரி தங்க முடிந்தால் போங்கள், இல்லையென்றால் முடிகிற வரை தள்ளிப்போடுங்கள் என்றுதான் மூவருக்கும் சொன்னேன்.

அரை நாள் பயணம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். பத்தரை மணிக்கு வேனை விட்டு இறங்கும்போதே வெயில் தலைக்கு மேல். வெண்ணெய் உருண்டைப் பாறையைக் கையால் தாங்குவதுபோல ஒரு போட்டோ. ஐந்து ரதத்தில் இன்னொரு போட்டோ. "கால் சுடுதும்மா" என்று சின்னவள் அழ ஆரம்பிப்பாள். சாப்பாடு, கடற்கரைக் கோயில், அலையில் கால் நனைத்தல், அவ்வளவுதான், கிளம்பு. முதல் இரண்டு தடவை நாங்களும் அப்படித்தான் போய்வந்தோம். வீட்டுக்கு வந்து பெரியவனிடம் என்னடா பார்த்தாய் என்று கேட்டால் "பாறை" என்றான். பிள்ளை மேல் தப்பே இல்லை. பாறையைப் பார்க்க மட்டும்தான் நாங்கள் அவனுக்கு நேரம் கொடுத்திருந்தோம்.

மூன்றாம் தடவை அம்மாவும் கூட வந்தார். அவருக்கு முட்டிவலி, வேகமாக நடக்க முடியாது. அது எங்களுக்கு நல்லதாகவே போயிற்று. அவர் உட்கார்ந்த இடத்தில் எல்லாம் நாங்களும் உட்கார்ந்தோம்.

வெயில் ஏறுவதற்கு முன், ஆறரை மணிக்கு, அர்ச்சுனன் தபசு என்கிற பெரிய பாறைச் சிற்பத்தின் முன்னால் நின்றோம். தபசு செய்வது அர்ச்சுனனா, கங்கையை இறக்கிய பகீரதனா என்று ஆராய்ச்சியாளர்கள் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். பிள்ளைகளுக்கு அதைச் சொல்லி ஆரம்பிக்காதீர்கள். "இதுல ஒரு பூனை இருக்கு, கண்டுபிடி" என்று மட்டும் சொல்லுங்கள். யானைகளுக்குப் பக்கத்தில், முன்னங்கால்களைத் தலைக்கு மேல் தூக்கி, விலா எலும்பு தெரிய, தபசியைப் போலவே நிற்கிறது அந்தப் பூனை. அதன் காலடியில் எலிகள். கண்டுபிடித்ததும் சின்னவள் அதே மாதிரி கையைத் தூக்கிக்கொண்டு நின்றாள். பிறகு அவளை நிறுத்த முடியவில்லை. பெரிய யானையின் வயிற்றுக்குக் கீழே குட்டி யானைகள், பின்னங்காலால் மூக்கைச் சொறியும் மான், நடுவில் பாறை வெடிப்பில் நெளிந்து மேலேறும் நாகர்கள் என்று ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்துக் கத்தினாள். மழைக்காலத்தில் அந்த வெடிப்பு வழியே மேலிருந்து தண்ணீர் இறங்கினால் எப்படி இருந்திருக்கும் என்று பெரியவன் கேட்டான். முன்பு "பாறை" என்று சொன்ன அதே பையன்.

பக்கத்திலேயே கிருஷ்ண மண்டபம். கோவர்த்தன மலையைத் தூக்கிப் பிடித்த கிருஷ்ணனை எல்லோரும் பார்ப்பார்கள். அம்மா பார்த்தது பால் கறக்கும் ஆளை. ஒருவன் குந்தி உட்கார்ந்து கறக்கிறான், பசு தலையைத் திருப்பிக் கன்றை நக்கிக்கொண்டிருக்கிறது. அம்மா முப்பது வருஷம் மாடு வைத்திருந்தவர். "கன்னுக்குட்டிய நக்க விட்டாத்தான் மாடு பால எறக்கும். செதுக்குனவன் வீட்டுல மாடு இருந்துருக்கு" என்றார். அப்புறம் பிள்ளைகளைப் பக்கத்தில் உட்காரவைத்து, எங்கள் பழைய வீட்டில் இருந்த லட்சுமி எப்படி உதைக்கும், யார் கைக்கு மட்டும் அடங்கும் என்று அரை மணிநேரம் சொன்னார். நானே கேட்டிராத கதைகள். எந்த வழிகாட்டியும் எங்களுக்கு அதைக் கொடுத்திருக்க முடியாது.

ஐந்து ரதத்துக்கு மறுநாள் காலையில் போனோம். பாண்டவர்களுக்கும் அந்த ரதங்களுக்கும் சம்பந்தமில்லை, பெயர்கள் பின்னால் வந்தவை. இருக்கிற பாறையையே மேலிருந்து கீழே குடைந்துகொண்டு வந்திருக்கிறார்கள். அதனால்தான் உச்சி முழுசாக முடிந்திருக்க, சில ரதங்களின் அடி இன்னும் கரடாகவே நிற்கிறது. "எங்க ஆரம்பிச்சாங்க, எங்க விட்டுட்டுப் போனாங்க?" என்று பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள், அவர்களே சொல்லிவிடுவார்கள். திரௌபதி ரதம் அச்சு அசல் கூரை வீடு. சகாதேவ ரதத்தின் பின்பக்கம் படுத்திருக்கும் யானையின் முதுகுபோல வளைந்திருக்கும், தமிழில் அதற்குப் பெயரே தூங்கானை மாடம். பக்கத்தில் ஒரு கல் யானையும் நிற்கிறது. யானைக்குப் பின்னால் நின்று இரண்டையும் ஒன்றாகப் பார்க்கச் சொன்னேன். "ரெண்டும் ஒரே முதுகு!" என்றான் பெரியவன்.

கடற்கரைக் கோயிலை மட்டும் சாயங்காலத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். பல்லவ மன்னன் ராஜசிம்மன் காலத்தில் கல்லை அடுக்கிக் கட்டிய கோயில், 1,300 வருஷமாக உப்புக்காற்றில் நிற்கிறது. சுற்றுச்சுவர் மேல் வரிசையாகப் படுத்திருக்கும் நந்திகளுக்கு முகம் கரைந்து போயிருக்கிறது. ரதங்களுக்கும் இதற்கும் ஒரே டிக்கெட், ஆனால் அன்று ஒரு நாளைக்குத்தான் செல்லும். காலையும் மாலையுமாக ஒரே நாளில் இரண்டையும் வைத்துக்கொண்டால் போதும். 15 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு டிக்கெட் கிடையாது.

கடலில் மட்டும் பிள்ளைகளை இறக்காதீர்கள். மணலில் வலை பிரித்துக்கொண்டிருந்த ஒருவர் எங்களைப் பார்த்ததும் எழுந்தே வந்துவிட்டார். "இங்க இழுப்பு ஜாஸ்திக்கா. கரையில நின்னா தெரியாது. புள்ளைங்க கைய உடாதீங்க." அந்தக் கடலிலேயே பிழைக்கிறவர் சொன்னால் அதற்கு மேல் யோசிக்க ஒன்றுமில்லை. குளிக்க ஆசைப்பட்டால் தங்குமிடத்து நீச்சல்குளம் போதும்.

தங்குவதால் கிடைக்கிற இன்னொரு லாபம், சுற்றுவட்டாரம். வடக்கே சாளுவன்குப்பத்தில் புலிக்குகை. அதற்குப் பக்கத்தில், 2004 ஆழிப்பேரலை மணலை அரித்துக்கொண்டு போனபோது பாறையில் கல்வெட்டுகள் தெரிந்தன. அந்தத் தடயத்தைப் பிடித்து 2005-இல் தோண்டியதில் ஒரு முருகன் கோயில் கிடைத்தது. அடியில் சங்ககாலத்தது என்று தொல்லியலாளர்கள் சொல்லும் செங்கல் கட்டடம், அதற்கு மேல் பல்லவர் கட்டியது. முன்னால் ஒரு கல் வேல். அம்மா செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார்.

இன்னும் வடக்கே வடநெம்மேலியில் முதலைப் பண்ணை, 1976-இல் பாம்பு ஆராய்ச்சியாளர் ரோமுலஸ் விட்டேக்கர் தொடங்கியது. முட்டை கிடக்கும் மண்ணின் சூட்டைப் பொறுத்துத்தான் குட்டி ஆணா பெண்ணா என்பது முடிவாகும் என்று கேட்டதும் பிள்ளைகளுக்கு வாய் மூடவில்லை. ஆனால் முதலையோடு நின்றுவிடாதீர்கள். அந்த வளாகத்திலேயே இருளர் பழங்குடியினரின் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்கையும் பிடித்து, சில வாரம் வைத்து விஷம் எடுத்து, மறுபடி காட்டிலேயே விடுகிறார்கள். நம் ஆஸ்பத்திரிகளில் பாம்புக்கடிக்குப் போடும் மருந்து அந்த விஷத்திலிருந்து வருவது. அந்தச் சங்கத்து மாசி சடையன், வடிவேல் கோபால் இருவருக்கும் 2023-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. கல்லில் செதுக்கிய ராஜாக்களைப் பற்றிச் சொல்லும் அளவுக்கு இவர்களைப் பற்றியும் நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா இருக்கிறது. தென் மாநிலங்களின் பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து மறுபடி எழுப்பி வைத்திருக்கிறார்கள். தெற்கே போனால் சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக் கோட்டை. நேரம் இருந்தால் பாருங்கள், எல்லாவற்றையும் பார்த்தே தீரவேண்டும் என்று ஓடாதீர்கள். திங்கட்கிழமை முதலைப் பண்ணைக்கு லீவு, செவ்வாய் தட்சிணசித்ராவுக்கு லீவு. புதன், வியாழன், வெள்ளி என்று போட்டுக்கொண்டால் இரண்டும் கிடைக்கும், கூட்டமும் குறைவு.

எனக்கு ஒரு ஆசை உண்டு. அந்தச் சிற்பங்களுக்கு எதிரே பிள்ளைகள் கண் உயரத்தில், பிள்ளைகள் பேசும் தமிழில் ஒரு பலகை வைக்க வேண்டும். எந்த மன்னன், எந்த நூற்றாண்டு என்பது பெரியவர்களுக்கு இருக்கட்டும். அதில் "பூனை எங்கே?" என்று இருந்தால் போதும். வயசானவர்கள் உட்கார நிழலில் நாலு கல் பெஞ்சும் வேண்டும். எங்கள் அம்மாவைப்போலக் கதை சொல்கிறவர்களுக்கு அங்கே உட்கார இடம் இருக்க வேண்டாமா?

போகிறவர்கள் அந்தப் பூனை காலடியில் எத்தனை எலி இருக்கிறது என்று எண்ணிவிட்டு வந்து கமெண்ட்டில் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் சின்னவளும் அம்மாவும் ஆளுக்கொரு கணக்குச் சொல்கிறார்கள், இன்னும் தீரவில்லை.